எண்ணெய்த் தாங்கியும் வாசலின் குப்பியும்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும், பிரெடரிக் கோட்டையும், கன்னியா வெந்நீரூற்றுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. கொட்டியாரக்குடாவை அடுத்த ஆழ்ந்த இயற்கைத் துறைமுகத்தின் பொருட்டுப் போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், பிரித்தானியரும் ஒருவர்பின் ஒருவராகப் போட்டியிட்ட கதையையும் பள்ளிச் சிறுவர் படிக்கின்றனர். ஆயின், இருபதாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தின் விதியை வகுத்ததில் பெரும்பங்கு ஒரு கரிய எண்ணெய்க்கு உண்டு. அவ்வெண்ணெயின் சின்னங்களாகச் சீனன்குடாவின் காட்டினிடையே வரிசை வரிசையாக இரும்புத் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன.

அதே நில எண்ணெயின் குலத்திற் பிறந்த மற்றொரு பொருள், அந்நகரின் வீடுகளிலெல்லாம் சிறு குப்பிகளில் அடைபட்டிருக்கின்றது. பெற்றோலியக் களிம்பு என்பது அதன் பொதுப்பெயர். வாசலின் என்ற வணிகப் பெயரே மக்கள் நாவில் வழங்குவது. உதடு வெடித்தால் வாசலின், குதிகால் பிளந்தால் வாசலின், குழந்தையின் தோல் சிவந்தால் வாசலின் என்று அது பழகிவிட்டது. தாங்கியிலுள்ள எண்ணெயைத் தொடவும் அஞ்சும் மனிதன், குப்பியிலுள்ள களிம்பை முகத்திற் பூசத் தயங்குவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் யாது? அக்களிம்பால் உடலுக்குத் தீங்கு நேருமா? இவ்வினாக்களுக்கு விடை காணச் சற்று வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

முன்னாளிற் போர்க்கப்பல்கள் நிலக்கரியால் ஓடின. 1911ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை அமைச்சராகப் பொறுப்பேற்ற வின்ஸ்டன் சேர்ச்சில், பெருங்கப்பல்களையும் எண்ணெயால் ஓட்டும் திட்டத்தை முன்னெடுத்தார். எண்ணெய்க் கப்பல் விரைவாகச் செல்லும். கரி அள்ளிப்போடும் ஆட்கள் வேண்டியதில்லை. ஆனால் பிரித்தானிய மண்ணிற் கரி கிடைத்ததுபோல் எண்ணெய் கிடைக்கவில்லை. எனவே கடல்வழி நெடுகிலும் எண்ணெய்க் குதங்களை அமைப்பது இன்றியமையாததாயிற்று. இக்காரணத்தாலேயே 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவில் காடு வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் தாங்கிகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் 99 தாங்கிகள் இன்றும் கணக்கிலுள்ளன. கப்பலின் கொதிகலன்களுக்குரிய உலை எண்ணெயே அவற்றில் முக்கியமாக நிரப்பப்பட்டது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் வடித்தெடுத்தபின் எஞ்சும் தடித்த, கரிய பகுதியை அடிப்படையாகக் கொண்டது உலை எண்ணெய்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. திருகோணமலையில் துறைமுகமும் விமானத்தளமும் குண்டுகளுக்கு இலக்காயின. யப்பானிய விமானம் ஒன்று சீனன்குடாவில் 91ஆம் இலக்கத் தாங்கியின்மீது வீழ்ந்து வெடித்தது. அங்கு மூண்ட தீ ஏழு நாட்கள் எரிந்ததென்று கூறுவர். உருகி மடிந்த அத்தாங்கியின் எச்சங்கள், எண்ணெயின் வெம்மை எத்தகையது என்பதற்குச் சான்றாக அவ்விடத்திற் பேணப்பட்டுள்ளன.

அன்று முற்பகலிலேயே, திருகோணமலையிலிருந்து முன்னிரவில் வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதனோடு வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. ஹேர்மிஸ் கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர். அருகிற் சென்றுகொண்டிருந்த வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல், இரு கப்பல்களிலுமிருந்து ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொண்டு சென்றது.

கப்பல் மூழ்கும் இடத்தில் நீரின்மேல் எண்ணெய் பரவுதல் அக்காலக் கடற்போரின் கொடுமைகளுள் ஒன்று. நீந்துவோரின் கண்களை அது எரிக்கும். விழுங்கினாற் குடலைப் புரட்டும். நுரையீரலுட் புகுந்தால் உயிரையே வாங்கும். தீப்பற்றினால் கடலே அடுப்பாகும். மீட்கப்பட்டவர் தோலில் எரிகாயமும் எண்ணெய்ப் படலமும் ஒருங்கே இருப்பதுண்டு. எண்ணெயால் வெந்த அத்தகைய உடல்களுக்கு, எண்ணெயிற் பிறந்த களிம்பே மருந்தாகும் என்று அதே ஆண்டின் இறுதியில் வேறொரு நாட்டு மருத்துவர் நிறுவவிருந்தனர். அதனை அறியுமுன் அக்களிம்பின் பிறப்பைக் காண்போம்.

1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிரேக் என்பவர் துளைத்த கிணற்றில் நில எண்ணெய் கண்டார். செய்தி கேட்டு அங்குச் சென்றவர்களுள் றொபேட் செஸ்புரோ என்னும் இளம் இரசாயனவியலாளரும் ஒருவர். அவர் அதுவரை திமிங்கில நெய்யிலிருந்து விளக்கெண்ணெய் வடித்து வந்தவர். நில எண்ணெய் அத்தொழிலை விழுங்கிவிடும் என்பதை உணர்ந்தே அங்குச் சென்றார். எண்ணெய் இறைக்கும் இரும்புத் தண்டுகளில் மெழுகுபோன்ற கரிய கசடு படிந்து பொறியைத் தடுப்பதையும், தொழிலாளர் அதனைச் சபித்துக்கொண்டே வழித்தெறிவதையும், அவர்களே தம் கைவெட்டுக்கும் தீப்புண்ணுக்கும் அதனைத் தடவிக்கொள்வதையும் கண்டார். அக்கசட்டை எடுத்துச் சென்று, பல ஆண்டுகள் முயன்று, எலும்புக்கரியில் வடிகட்டி நிறமும் நாற்றமும் நீக்கினார். 1872ஆம் ஆண்டில் வாசலின் என்ற பெயரோடு அதற்குக் காப்புரிமை பெற்றார். தம் தோலைத் தாமே சுட்டும் கீறியும் அக்களிம்பைப் பூசிக்காட்டி அவர் விற்பனையைப் பெருக்கியதாகக் கூறுவர். 1933இல், தம் 96ஆம் வயதில், அவர் மறைந்தார்.

புண்ணை ஆற்றும் சக்தி தம் களிம்பிலேயே உண்டு என்று செஸ்புரோ நம்பினார். பின்வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பெற்றோலியக் களிம்பில் கிருமியைக் கொல்லும் பொருள் எதுவும் இல்லை. தோலுக்கு ஈரம் ஊட்டும் நீரும் அதில் இல்லை. அது செய்வது ஒன்றே: தோலின்மேல் நீர்புகாப் படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் காற்றிற் பறந்துவிடாமற் காக்கின்றது. அவ்வீரத்தின் துணையால் தோல் தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்கின்றது. இக்களிம்பின் நன்மைகளும் தீமைகளும் பல, இந்த மூடியிடும் தன்மையிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் உலகப்போர்க் காலத்தில், அசையும் படத்தின் முன்னோடிகளென உலகம் அறிந்த லூமியே சகோதரருள் ஒருவரான ஒகுஸ்த் லூமியே, மெல்லிய வலைத்துணியில் மென்பரபினைத் தோய்த்துப் புண்ணுக்கு இடும் முறையைப் பிரான்சில் உருவாக்கினார். மென்பரபின் என்பது வாசலினின் மற்றொரு பெயரே. புண்ணில் ஒட்டாமையே அக்கட்டின் சிறப்பு. 1925இல் அமெரிக்க மருத்துவர் எட்வேட் டேவிட்சன், எரிகாயத்தைத் தனின் அமிலத்தாற் பதனிட்டு, தோல்போல் இறுக்கும் முறையை வெளியிட்டார். உலகெங்கும் அது பரவியது. ஆயின் இரண்டாம் உலகப்போரில், தீயிற் கருகிய விமானிகளின் கைகளும் முகங்களும் இம்முறையால் விறைத்து முடங்குவதைக் கண்ட ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவர் அதனை எதிர்த்தார். உப்புநீர்க் குளியலும் ஒட்டாத மென்கட்டும் அவர் வழியாயின.

1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இரவு பொஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை மண்டபம் தீக்கிரையாகி 492 பேர் மாண்டனர். அந்நகரின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஒலிவர் கோப், பிராட்போட் கனன் முதலிய மருத்துவர், தனின் அமிலத்தைக் கைவிட்டு, கிருமி நீக்கிய பெற்றோலியக் களிம்புத் துணியாலேயே எரிகாயங்களை மூடினர். முறை வெற்றி பெற்றது. தனின் அமிலத்தின் காலம் முடிந்தது. சீனன்குடாவில் எண்ணெய் எரிந்த அதே ஆண்டில், எண்ணெய்க் கசட்டின் வழித்தோன்றல் மருத்துவமனையில் மதிப்பிடம் பெற்றது.

இவ்வரலாற்றை அரைகுறையாகக் கேட்டவர், தீச்சுட்டவுடன் வாசலினைத் தேடி ஓடுவர். அது பெருந்தவறு. பொஸ்டன் மருத்துவர் கையாண்டது கிருமி நீக்கிய கட்டு. வீட்டுக் குப்பியோ பலர் விரல் பட்டது. மேலும், சுட்ட சில நிமிடங்களுக்குத் தோலினுள் வெப்பம் தங்கி நிற்கின்றது. அப்பொழுது களிம்பைப் பூசினால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபடும். பின்னர் மருத்துவர் புண்ணின் ஆழத்தைக் காணவும் இயலாது. சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்தலே முதற்சிகிச்சை. களிம்போ, நெய்யோ, பற்பசையோ அவ்வேளையில் ஆகாது. காயம் ஆறிவரும் காலத்தில், மருத்துவர் சொல்லின்படி, களிம்புக்கு இடமுண்டு.

இனி, மக்கள் மனத்தை மிகவும் கலக்கும் வினாவுக்கு வருவோம். நில எண்ணெயிற் பிறந்த பொருள் புற்றுநோயை உண்டாக்குமா?

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1775இல் இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்குக் கரிப்புகையால் தோற்புற்று வருவதை எழுதினார். 1875இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் றிச்சட் பொன் போல்க்மான், தார் எண்ணெயும் பரபினும் வடிக்கும் தொழிலாளரிடத்தில் அந்நோயைக் கண்டார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜோசப் பெல் அதனையே ஸ்கொத்லாந்தின் பரபின் தொழிலாளரிடம் கண்டு வெளியிட்டார். துப்பறியும் ஷெர்லொக் ஹோம்ஸ் என்னும் கதைமாந்தருக்கு முன்மாதிரியாக அமைந்தவர் இந்த ஜோசப் பெல்லே. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் நூற்பொறியின் கதிர்களிலிருந்து தெறித்த எண்ணெய் ஆடையை நனைத்து, நூற்போரின் தோலிற் புற்றை விளைத்ததை 1922இல் மன்செஸ்டர் மருத்துவர் எடுத்துக்காட்டினர். தீங்கில்லாத எண்ணெயையே அப்பொறிகளுக்கு இடவேண்டும் என்ற அரச விதிகள் 1953இலேயே பிறந்தன. அதுகாறும் வருந்தியோர் கூலித் தொழிலாளரே.

காரணத்தைத் தேடிய வழியும் நீண்டது. 1915இல் தோக்கியோவில் கட்சுசாபுரோ யாமகிவாவும் அவர் துணைவர் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் மாதக்கணக்காகத் தாரைப் பூசிவந்து, அங்குப் புற்று எழுவதைக் காட்டினர். 1933இல் இலண்டனில் எர்னஸ்ட் கெனவேயின் குழுவினர் நிலக்கரித் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். கரிம வளையங்கள் பல ஒன்றோடொன்று பிணைந்த இவ்வினப் பொருள்களே நச்சின் மூலம் என்று தெளிவாயிற்று. தாரிலும், புகைக்கரியிலும், செம்மையாகச் சுத்திகரிக்கப்படாத கனிய எண்ணெயிலும் அவை உள்ளன.

ஆகவே தாங்கிக்கும் குப்பிக்கும் இடையிலுள்ள தூரம் சுத்திகரிப்பின் தூரமே. செஸ்புரோவின் எலும்புக்கரிக்குப் பின், அமிலத்தாற் கழுவுதல், களிமண்ணில் வடித்தல், உயர் அழுத்தத்தில் ஐதரசன் வாயுவை ஏற்றுதல் என்னும் முறைகள் வந்தன. இவற்றால் அந்நச்சு வளையங்கள் நீக்கப்படுகின்றன அல்லது உருமாற்றப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1987இல் இவ்வேறுபாட்டைத் திட்டமாக வகுத்தது: சுத்திகரிக்கப்படாத, அல்லது சிறிதே சுத்திகரிக்கப்பட்ட கனிய எண்ணெய் மனிதருக்குப் புற்று விளைப்பது, மிகச் சுத்திகரிக்கப்பட்டதை அவ்வாறு வகைப்படுத்தச் சான்றில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, முழுச் சுத்திகரிப்பு வரலாறும் தெரிந்து, புற்று விளைக்காத மூலத்திலிருந்து வந்ததென்று காட்டப்பட்ட பெற்றோலியக் களிம்பையே அழகுப் பொருள்களிற் சேர்க்கலாம். 2015இல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவ்விடயத்தை மீண்டும் ஆராய்ந்து, மிகச் சுத்திகரித்த கனிய எண்ணெய் தோலில் இடப்படுவதால் உடல்நலத் தீங்கு எதிர்பார்க்கப்படவில்லை என்று கூறியது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? மருந்துத் தரமுடைய வாசலினைப் பூசுபவர் புற்றுநோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, பெயரும் தரமும் அறியாது, நிறையிட்டு விற்கப்படும் களிம்புக்கே. பொறிகளுக்கு இடும் கிறீஸையும் மென்களிம்பையும் வேறுபாடின்றித் தோலிற் பூசுவோர் இன்னும் உளர். மேலும், திருகோணமலை போன்ற துறைமுக நகரில் உண்மையான இடர் குப்பியில் இல்லை. உழைக்கும் கையில் உள்ளது. படகு இயந்திரம் திருத்துவோரும், எண்ணெய்க் குழாய்களில் வேலை செய்வோரும், பழகிய இயந்திர எண்ணெயில் நாள்தோறும் கை நனைப்போரும், அவ்வழுக்கை மண்ணெண்ணெயாற் கழுவுவதுண்டு. அது தோலின் இயற்கை நெய்யையும் உடன் கழுவி வெடிக்கச் செய்கின்றது. எண்ணெய்த் துணியைச் சட்டைப் பையில் வைத்திருத்தல் பஞ்சாலைத் தொழிலாளரின் பழைய தீவினையை மீண்டும் அழைப்பதாகும். வேலை முடிந்ததும் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுதலும், நனைந்த உடையை மாற்றுதலும், ஆறாத புண்ணோ தடிப்போ கண்டால் வைத்தியரிடம் காட்டுதலும் அவர்க்கு இன்றியமையாதன.

சுத்தமான களிம்பிலும், இடமறியாது இட்டால் தீங்குண்டு. முதலாவது மூக்கு. சளி பிடித்த குழந்தையின் மூக்கினுள் எண்ணெயோ களிம்போ விடுதல் நம்மிடையே பழைய வழக்கம். மூச்சோடு நெய்ப்பொருள் சிறிது சிறிதாக நுரையீரலிற் சேர்ந்து விளைக்கும் ஒருவகை நிமோனியாவை 1925இல் லாப்லின் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். தென்னிந்தியக் குழந்தைகளிடையே இந்நோயைப் பற்றிய ஆய்வொன்று 1973இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. நெய்ப்பொருள் தொண்டையில் இருமலைத் தூண்டாமலே வழுகிச் செல்வதால், தாய்க்கு அது தெரிவதில்லை. மூக்கின் வெளிவிளிம்பிற் சிறிது தடவுதல் வேறு. உள்ளே இடுதல் வேறு.

இரண்டாவது தீ. பரபின் களிம்பு தோலிலிருந்து உடையிலும் படுக்கைத் துணியிலும் ஊறி உலரும். அத்துணி தீயை விரைவாகப் பற்றும். இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தமையால் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரிக்கையை விரிவாக்கியது. கைவிளக்கும் அடுப்பும் சுருட்டும் புழங்கும் வீடுகளில், உடம்பெங்கும் களிம்பு பூசிய முதியோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். துணியைத் துவைப்பதாலும் அது முற்றாக நீங்குவதில்லை.

மூன்றாவது இறப்பர். பெற்றோலியப் பொருள் பாலிறப்பரை இளக்கிக் கிழிக்கும். மருத்துவக் கையுறையோடும் குடும்பக் கட்டுப்பாட்டு உறையோடும் வாசலினைச் சேர்க்கலாகாது.

நான்காவது நம் வெயில். குளிர்நாட்டில் வறண்ட தோலுக்கு எழுந்த களிம்பு இது. கிழக்கு மாகாணத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உதடும் குதிகாலும் வெடிக்கும்பொழுது இது உதவும். ஆனால் வியர்வை பெருகும் உடலில் தடித்துப் பூசினால், வியர்வைத் துளைகள் அடைபட்டு வேர்க்குருவும் மயிர்க்கால்களில் கொப்புளமும் தோன்றலாம். தொடையிடுக்கிலும் விரலிடுக்கிலும் படர்தாமரை இருப்பின், ஈரத்தைப் பூட்டிவைத்து அதனை வளர்க்கவும் கூடும். ஆழ்ந்த வெட்டுக்கும், விலங்கு கடித்த புண்ணுக்கும், சீழ்பிடித்த இடத்துக்கும் அது மருந்தாகாது. குளித்துத் துடைத்த ஈரம் காயுமுன் மெல்லியதாகத் தடவுதலே முறை. குப்பியினுள் அழுக்கு விரலை இடாமல், சுத்தமான கரண்டியால் எடுப்பது நன்று.

1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. நெடுங்காலம் பெரும்பாலும் வெறுமையாய் நின்ற தாங்கிகளை மீண்டும் பயன்படுத்த 2022ஆம் ஆண்டு சனவரியில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி 14 தாங்கிகள் இந்திய நிறுவனத்திடமும், 24 கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் அமைந்தன. தாங்கிகளில் எண்ணெய் நிரம்பும்பொழுது அங்கே உழைக்கும் கைகளும் பெருகும். அக்கைகளுக்குக் கையுறையும், சவர்க்காரமும், ஆண்டுதோறும் தோற்பரிசோதனையும் கிடைத்தல் வேண்டும். மன்செஸ்டர் நூற்போர் தம் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1922இலிருந்து 31 ஆண்டுகள் காத்திருந்தனர். அறிவு முன்னரே கைவந்துள்ள இக்காலத்தில், சீனன்குடாத் தொழிலாளர் அவ்வாறு காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.